விதியை ஏற்க மறுக்கும் நாயகன்: செட்டிநாட்டுப் பின்னணியில் காவிய ஃபேன்டஸி எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரில் ஒரு பையன் தன்பாட்டுக்கு இருக்கிறான். ஒரு பெரியவர் வந்து "நீதான் அவன்" என்கிறார். "என்னால் முடியாது" என்கிறான் பையன். பத்துப் பக்கம் தாண்டியதும் ஊர் எரிகிறது, அவன் வாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். தமிழில் காவிய ஃபேன்டஸி எழுதத் தொடங்குகிற பலரின் முதல் பிரதி இப்படித்தான் இருக்கிறது. அந்த "முடியாது" வெறும் சம்பிரதாயம். அவன் ஏற்கத்தான் போகிறான் என்று வாசகருக்குத் தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும். அதனால் அந்தப் பத்துப் பக்கங்களை வாசகர் பொறுத்துக்கொள்கிறாரே தவிர, படிப்பதில்லை.

மறுப்பு நிஜமாக வேண்டுமென்றால் அதன் அடியில் பயம் மட்டும் இருந்தால் போதாது. பயம் ஒரு நாள் தெளிந்துவிடும். இன்னொரு கடமை இருக்க வேண்டும். விதி கேட்பதற்கு நேர் எதிரானதைக் கேட்கிற, அதே அளவு நியாயமான கடமை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒன்றைத்தான் படிப்படியாகக் கட்டப் போகிறோம்.

களமாகச் செட்டிநாட்டை எடுத்துக்கொள்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று விரியும் இந்தச் சீமையில், பிறக்கும்போதே ஒருவன் தலையில் ஏறிவிடுகிற பொறுப்புகளுக்கு முறையான பெயர்கள் உண்டு, கணக்கு உண்டு, சடங்கு உண்டு. ஃபேன்டஸிக்கு இதைவிட நல்ல மண் கிடைப்பது அரிது. மாளிகைகளின் பர்மா தேக்குத் தூண்களை வர்ணித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே மனிதர்கள் ஒருவருக்கொருவர் என்ன கடன்பட்டிருந்தார்கள் என்று பாருங்கள்.

படி 1: விதியை ஒரு வேலையாக எழுதுங்கள்

"உலகைக் காக்கப் பிறந்தவன்" என்பது விதி ஆகாது, அது பட்டம். அந்த விதியை நான்கு கேள்விகளில் நிறுத்துங்கள். வேலை என்ன? யார் கொடுக்கிறார்கள்? எவ்வளவு காலம்? செய்கிறவனிடமிருந்து அது எதை எடுத்துக்கொள்கிறது?

செட்டிநாட்டு வணிகத்தில் இந்த நான்குக்கும் தெளிவான விடை இருந்தது. கொண்டுவிக்க, அதாவது கடல்தாண்டி வணிகத்துக்குப் போகிறவன், பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகச் சேர்ந்து, உதவியாளான அடுத்தாளாகி, கடைப் பொறுப்பாளனான மேலாளாவான். ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று எங்கே கடை இருந்தாலும் மேலாளுக்கு மூன்றாண்டு ஒரு கணக்கு. அது முடிந்தால்தான் ஊர் திரும்பலாம். அந்த மூன்று வருடத்தில் பிள்ளை பிறந்திருக்கும், தகப்பன் போயிருப்பார். எவ்வளவு கொடுத்தான், எவ்வளவு இழந்தான் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்ட வாழ்க்கை. உங்கள் விதிக்கும் இந்தத் துல்லியம் வேண்டும்.

ஒரு மாதிரிக் கதையைக் கூடவே கட்டிக்கொண்டு போவோம். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் மரபில், முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து குடியேறினார்கள் என்றும், இளையாத்தங்குடி தொடங்கி ஒன்பது கோவில் பிரிவுகளாகப் பிரிந்தார்கள் என்றும் சொல்வார்கள். அதன் சாயலில் ஒரு கற்பனை உலகம்: கடல் கொண்ட ஒரு பட்டினம். அங்கிருந்து தப்பி வந்தவர்கள் சும்மா தப்பவில்லை, கடலிடம் கடன் வாங்கித்தான் உயிர் பிழைத்தார்கள். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. வேங்கரைப்பட்டி என்ற செம்மண் ஊரில் ஒரு பெரிய வீட்டின் உள்ளறையில் அந்தப் பேரேடு இருக்கிறது. தலைமுறைக்கு ஒருவர், ஆண்டுக்கு ஒரு முறை, ஓர் ஏடு எழுதி வட்டி கட்ட வேண்டும். எழுதாவிட்டால் ஊரணித் தண்ணீர் உப்பேறும். எழுதினால், எழுதுகிறவரின் நினைவுகளில் ஒன்று கழிந்துபோகும், அதுதான் வட்டி.

இப்போது விதி ஒரு வேலையாகிவிட்டது. இதில் வாளே இல்லை என்பதைக் கவனியுங்கள். காவியம் என்றால் போர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

படி 2: மறுப்பின் வகையைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள், கதையின் எலும்பு இதுதான். நம் இதிகாசங்களில் மறுப்பவர்கள் நிறைய. ஒவ்வொருவர் மறுப்பும் வேறு ஜாதி.

பரதன் மறுப்பது, அந்த நாற்காலி இன்னொருவருடையது என்பதால். தகுதி, துணிவு எதற்கும் அவனிடம் குறைவில்லை. உரிமைதான் இல்லை என்கிறான். அனுமன் கடற்கரையில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பது தன் பலம் தனக்கு மறந்துபோனதால். ஜாம்பவான் நினைவூட்டியதும் எழுந்துவிடுகிறான். அர்ச்சுனன் வில்லைக் கீழே போடுவது, எதிரே நிற்பவர்கள் தாத்தாவும் குருவும் என்பதால். கர்ணன் கதை இன்னும் சிக்கல்: தான் யார் என்று தெரிந்த பிறகும், பிறப்பு கொடுக்கும் சிம்மாசனத்தை வேண்டாம் என்கிறான், செஞ்சோற்றுக் கடனுக்காக.

இந்த நான்கில் அனுமன் வகையைப் புதியவர்கள் அதிகம் எடுக்கிறார்கள். "உனக்குள் ஒரு சக்தி இருக்கிறது" என்று எழுதுவது சுலபம். ஆனால் அதை வைத்து நீண்ட நாவலைத் தாங்க முடியாது. நினைவூட்டியதும் தயக்கம் முடிந்துவிடும், மிச்சப் பக்கங்களுக்கு என்ன செய்வீர்கள்? பரதனும் கர்ணனும் கடைசிவரை தாங்குவார்கள், அவர்கள் மறுப்பில் ஓர் அறம் இருக்கிறது. 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் காரைக்குடி. அந்த மண்ணில் கதை எழுதும்போது பரதனை மனதில் வைத்துக்கொள்வது பொருத்தமும்கூட.

நம் மாதிரிக் கதைக்கு, செட்டிநாட்டில் பரவலாக இருந்த பிள்ளை கூட்டும் வழக்கத்தை எடுக்கிறேன். வாரிசு இல்லாத வீட்டில், அதே கோவிலைச் சேர்ந்த இன்னொரு வீட்டுப் பையனைச் சுவீகாரம் எடுப்பார்கள். அதன்பின் அவன் கூட்டிய வீட்டுப் பிள்ளை, பெற்ற வீட்டுக்கு முறைப்படி மகனில்லை. ஃபேன்டஸியில் வழக்கமாக வரும் "ரகசிய அரச ரத்தம்" இங்கே தலைகீழாகிறது. ரத்தத்தால் வராமல், சடங்கால் வந்த விதி.

தேனப்பன் எட்டு வயதில் பெரிய வீட்டுக்கு வந்தவன். இப்போது பத்தொன்பது வயது. பெற்ற அப்பச்சி, அதாவது அப்பா, பக்கத்து ஊரில் படுத்த படுக்கை. அவருக்கு மிஞ்சியிருந்த இன்னொரு மகன் போன வருடம் காய்ச்சலில் போய்விட்டான், கொள்ளி வைக்க ஆளில்லை. பேரேட்டில் எழுதத் தொடங்கினால் முதலில் கழியப்போவது பழைய வீட்டு நினைவுகள். அப்பச்சி கண்மூடும்வரை அவரை மறக்காமல் இருக்க வேண்டும், சம்பிரதாயம் என்ன சொன்னாலும் அவருக்குக் கொள்ளி வைக்க வேண்டும். அவன் மறுப்பு இவ்வளவுதான். யாராலும் அதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

உங்கள் நாயகனின் மறுப்பை இந்தச் சோதனைக்கு உட்படுத்துங்கள்: வாசகர் ஒரு நிமிடமாவது "அவன் போகாமலே இருக்கட்டும்" என்று நினைப்பாரா? நினைக்க மாட்டார் என்றால் இந்தப் படியைத் திரும்பச் செய்யுங்கள்.

படி 3: மறுப்பை ஒரு செயலாக்குங்கள், நாலு பேர் முன்னால்

தனியறையில் முணுமுணுக்கும் "முடியாது"க்கு எடை இல்லை. மறுப்பு ஒரு சடங்கை முறிக்க வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும்.

செட்டிநாட்டில் பிள்ளையார் நோன்பு இதற்கென்றே இருப்பது போல இருக்கிறது. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோரு நாள் கணக்கு. புது வேட்டியிலிருந்து நூல் பிரித்து, இருபத்தோரு இழை சேர்த்துத் திரியாக்கி, மாவில் பதித்து, நெய்யில் ஏற்றுவார்கள். வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுக்க, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வது வழக்கம். இழை எடுத்துக்கொள்வது என்று பெயர்.

நம் கற்பனை வீட்டில், பேரேடு எழுதப்போகிறவர்தான் அன்று முதல் இழையை எடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கத்தைச் சேருங்கள். காட்சி இப்படி வரும்:

உள்முற்றத்து வளவு நிறைய ஆட்கள். அப்பத்தாவின் வெள்ளித் தட்டில் முதல் சுடர். மாவின் வெல்ல வாசனை. "வா ராசா" என்கிறார். தேனப்பன் வந்து நிற்கிறான், கையையும் நீட்டுகிறான். இழை உள்ளங்கையில் எரிகிறது. வாய் திறக்கவில்லை. நெய் உருகி விரலிடுக்கில் வழிகிறது. பின்னால் ஒரு குழந்தை "அண்ணன் ஏன் திங்கல?" என்று கேட்கிறது. சுடர் தானாக அணையும்வரை நிற்கிறான். கரியான மாவைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு முகப்பைத் தாண்டி வெளியே போகிறான்.

ஒரு வசனம்கூட அவன் பேசவில்லை. என்ன நடந்தது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவன் உள்ளங்கையில் ஏற்பட்ட கொப்புளத்தை அடுத்த மூன்று அத்தியாயங்களுக்கு மறக்காதீர்கள்.

படி 4: தயங்கும் நாட்களுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஃபேன்டஸி எனக்கு ஏமாற்றமாகவே முடிகிறது. பெரிய வீட்டு வாரிசு ஆற அமர யோசித்துக்கொண்டிருக்கையில், அதன் பாரம் எப்போதும் சின்ன வீட்டில்தான் விழும்.

செட்டிநாடு மழை குறைந்த பூமி. ஊரணிதான் உயிர். தண்ணீர் உப்பேறினால் முதலில் தெரிவது யாருக்கு? குடம் எடுத்துப் போகிற பெண்களுக்கு. அடுத்து, சுண்ணாம்பு அரைத்துச் சுவர் பூசுகிற கொத்தனாருக்கு: உப்புத் தண்ணீரில் குழைத்த பூச்சு பூத்துப்போகும், கண்ணாடி மாதிரி மின்னவேண்டிய சுவர் சொரசொரக்கும். அப்புறம் தளக்கல் போடுகிறவர்களுக்கு. மாளிகையின் இரண்டாம் கட்டில் தித்திப்புக் கிணறு இருக்கும், அந்த வீட்டுக்குக் கடைசியில்தான் தெரியும்.

இவர்களில் ஒருவரைப் பெயரும் கோபமும் உள்ள பாத்திரமாக்குங்கள். நம் கதையில் அவள் செம்பாயி, தளக்கல் பட்டறைக்காரர் மகள். அவள் தேனப்பனைக் கெஞ்ச மாட்டாள், வாழ்த்தவும் மாட்டாள். அவனைப் பார்த்துக் கேட்கும் ஒரே கேள்வி: "உங்கப்பச்சி சாகுற வரைக்கும் எங்க தண்ணி காத்துக்கிட்டு இருக்கணுமா?" இதற்கு அவனிடம் பதில் இருக்கக் கூடாது. உங்களிடமும் இருக்கக் கூடாது.

படி 5: பெரியவர்களைப் பிரசங்கம் செய்ய விடாதீர்கள்

வழிகாட்டும் முதியவர் பக்கம் பக்கமாகத் தத்துவம் பேசுவது இந்த வகைக் கதைகளின் பழைய வியாதி. வீட்டுப் பெரியவர்கள் அப்படிப் பேசுவதில்லை. வற்புறுத்தாமல் இருப்பதே அவர்கள் கையிலுள்ள பெரிய ஆயுதம்.

"அப்பத்தா, நான் எழுதமாட்டேன்."

"எழுத வேண்டாம் ராசா. இலை போட்டாச்சு, வா."

"கோவமா இருக்கீகளா?"

"கோவப்பட்டு என்னாகப் போகுது. கும்மாயம் ஆறிப்போகும், வா."

இந்த நாலு வரிக்குப் பிறகு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. உறவு முறைச் சொற்களில் கவனமாக இருங்கள்: அப்பாவை அப்பச்சி, அம்மாவை ஆத்தா, அப்பாவின் அம்மாவை அப்பத்தா, அம்மாவின் அம்மாவை ஆயா, அக்காவை ஆச்சி என்று கூப்பிடும் வீடு இது. சுவீகாரம் வந்த பையனுக்கு இரண்டு அப்பச்சி, இரண்டு ஆத்தா. எந்த வீட்டில் நின்றுகொண்டு யாரை "அப்பச்சி" என்கிறான் என்பதிலேயே அவன் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டிவிடலாம், தனி விளக்கம் வேண்டியதில்லை.

படி 6: பொய்யான ஏற்பு ஒன்றை நடுவில் வையுங்கள்

மறுப்புக்கும் ஏற்புக்கும் நடுவே ஒரு பள்ளம் வேண்டும். குற்ற உணர்ச்சியில் ஏற்றுக்கொள்வதுதான் அந்தப் பள்ளம். உப்புத் தண்ணீரில் ஒரு குழந்தை படுத்துவிடுகிறது. தேனப்பன் இரவோடு இரவாக உள்ளறைக்குப் போய் ஏட்டை எடுத்து எழுதிவிடுகிறான். மனம் மாறவில்லை, தாங்க முடியவில்லை என்பதால் மட்டும்.

இங்கே களத்தின் நுணுக்கம் கைகொடுக்கும். செட்டிநாட்டுக் கடைகளுக்கு விலாசம் உண்டு: பரம்பரையின் முதல் எழுத்துகளைக் கோத்து எழுதும் அடையாளம். கணக்கும் கடிதமும் அதன் பேரிலேயே நடக்கும். தேனப்பன் பதற்றத்தில் பெரிய வீட்டு விலாசத்துக்குப் பதிலாகப் பெற்ற வீட்டு விலாசத்தை எழுதிவிடுகிறான். அவன் மனதில் இருந்தது அதுதானே. கடல் எழுத்தை மட்டுமே பார்க்கும். இனி கடன் படுக்கையில் கிடக்கும் அப்பச்சியின் பேரில். அவரைக் காப்பாற்றத்தான் மறுத்தான், அரைமனதோடு ஏற்றதில் அவரையே அடகு வைத்துவிட்டான்.

மந்திரத்தின் சட்டமும் மனதின் பிளவும் ஒரே தவறில் சந்திப்பதைக் கவனியுங்கள். உங்கள் கதையில் விலாசத்துக்குப் பதில் வேறு ஏதாவது இருக்கலாம். ஆனால் பொய்யான ஏற்பின் விளைவு நாயகன் காக்க நினைத்ததையே தாக்க வேண்டும். ஊர் எரிவதைவிட இது பத்து மடங்கு வலிக்கும்.

படி 7: விதியின் நிபந்தனையை மாற்ற விடுங்கள்

பெரும்பாலான கதைகளில் நாயகன் கடைசியில் விதியிடம் சரணடைகிறான். நம் வாசகர்கள் அதை நிறையப் பார்த்துவிட்டார்கள். ஏற்பு என்பது பேரமாகவும் இருக்கலாம். வேலையை ஏற்கிறான், ஆனால் அதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறான். கணக்கில் ஊறிய ஒரு சமூகத்துக் கதையில் பேரம் பேசாத நாயகன் இருந்தால்தான் வியப்பு.

தேனப்பன் கண்டுபிடிப்பது இது: கடல் எடுத்துக்கொள்வது எழுதுகிறவன் மனதில் உள்ள நினைவை மட்டும்தான். அதே நினைவை இன்னொருவரிடம் சொல்லி வைத்திருந்தால், அது அங்கே பத்திரமாக இருக்கும். இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் வீட்டு ரகசியம் என்று தனியாக எழுதித் தனியாக மறந்தவர்கள். இவன் ஊரணிக் கரைக்கு வந்து உட்கார்ந்து சொல்கிறான். கேட்பவள் செம்பாயி.

ஆத்தங்குடித் தளக்கல் போடுகிற முறையைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் உடனே விளங்கும். கண்ணாடிப் பலகைமேல் சட்டத்தை வைத்து, அதனுள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். அதன்மேல் உலர்ந்த கலவையைத் தூவி, சிமென்ட் மணல் சாந்தை நிரப்பி மட்டம் செய்வார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் கண்ணாடி கழன்று வரும். கண்ணாடியில் பட்டிருந்த பக்கம்தான் கல்லின் முகம். தேனப்பன் அப்பச்சியைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொன்றையும் செம்பாயி ஒரு கல்லாகப் போடுகிறாள்: பெட்டியடிப் பையனாகப் போனபோது அவர் வாங்கிவந்த பச்சைக் குடை, சந்தையில் அவர் தோளில் உட்கார்ந்து பார்த்த மாடு. அவன் மறந்தபின் அந்தத் தளத்தில் நடப்பான். ஏன் அந்தப் பச்சையிடம் கால் நின்றுவிடுகிறது என்று அவனுக்குத் தெரியாது.

மாயத்தை இப்படி ஊரின் கைத்தொழிலில் இருந்து எடுங்கள். வானத்திலிருந்து விழும் நீல ஒளியைவிட நம்பகமாக இருக்கும். செம்பாயியும் வெறும் துணைப்பாத்திரமாக நின்றுவிட மாட்டாள், விதியில் பாதி அவள் கைக்குப் போய்விடுகிறது.

படி 8: ஏற்கும் கணத்தைச் சின்னதாக எழுதுங்கள்

சபதம் வேண்டாம், மழை கொட்ட வேண்டாம், பின்னணியில் சங்கு ஊத வேண்டாம். உள்ளே முடிவாகிவிட்டவன் நடைமுறைக் கேள்வி கேட்பான்.

"அப்பத்தா, அடுத்தது எத்தனாவது ஏடு?"

அவ்வளவு போதும். அப்பத்தா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அவனைப் பார்க்காமலே சரியான சாவியைப் பிரித்துக் கொடுக்கட்டும். அவர் கை நடுங்குவதை எழுதலாமா என்றால், வேண்டாம் என்பேன். வாசகர் தானாக நடுங்க இடம் விடுங்கள்.

படி 9: ஏற்ற பிறகும் விலை தொடரட்டும்

ஏற்றுக்கொண்டதும் எல்லாம் கைகூடிவிட்டால், அதுவரை அவன் பட்ட பாடு அர்த்தமில்லாமல் போகும். அப்பச்சி இறக்கும்போது தேனப்பனுக்கு அவர் முகம் பாதிதான் நினைவிருக்க வேண்டும். கொள்ளி வைக்கப் போகிறான். சம்பிரதாயம் தெரிந்தவர்கள் தடுப்பார்கள், அந்தச் சண்டையையும் எழுதுங்கள். எரிவது யார் என்பதைச் செம்பாயி சொல்லித்தான் அவன் தெரிந்துகொள்வான்.

வரலாற்றில் இதற்கு இணையான வெறுமை உண்டு. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. நகரத்தார் அங்கே தலைமுறைகளாகச் சேர்த்த நிலமும் கொடுக்கல் வாங்கலும் பின்னர் மீளாமலே போயின. கணக்கு சரியாக எழுதப்பட்டிருந்தும் வசூலிக்க இடமில்லை. பூட்டிக் கிடக்கும் மாளிகைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தால், கடமையைச் சரியாகச் செய்தவனும் இழக்கலாம் என்பது உங்கள் கதைக்கு எந்தத் தொனியில் வேண்டும் என்று பிடிபடும்.

படி 10: திருத்தும்போது

முதல் பிரதி முடிந்ததும் நாயகன் "என்னால் முடியாது" என்று சொல்லும் இடங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். அவற்றில் பெரும்பகுதியை வெட்டி, பதிலாக அவன் வேறெங்கோ போவதையோ, வேறெதையோ செய்வதையோ வையுங்கள். தீர்க்கதரிசனப் பாட்டு எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள், பேரேடு போல கையில் தொடக்கூடிய பொருள் ஒன்று அந்த வேலையைச் செய்யும். வழிகாட்டும் பெரியவரை நாயகன் மனம் மாறுவதற்காக மட்டும் சாகடித்திருந்தால் அவரை உயிரோடு விடுங்கள். உயிரோடிருந்து ஒன்றும் சொல்லாமல் இருப்பவர்தான் அவனை அதிகம் அழுத்துவார்.

நிஜக் கோவில்களின் பெயரையும் நிஜக் குடும்பங்களின் விலாசத்தையும் கதைக்குள் இழுக்காதீர்கள். ஊரையும் சடங்கின் மாற்று வடிவத்தையும் கற்பனையாக்கிவிட்டால், யார் வீட்டுக் கதை என்ற வம்பு வராது, மாயத்துக்கும் இடம் கிடைக்கும். அந்த மாற்றங்களைச் செய்வதற்கு முன் நிஜ வழக்கத்தை முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள். பேச்சு வசனங்களை அந்தச் சீமையில் வளர்ந்த ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கிற வரியில் குறித்து வைத்துக்கொண்டு, "உங்க வீட்ல இதை எப்படிச் சொல்லுவாக?" என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.